வாடகை அறையில் படிக்கும் பிள்ளையின் இழப்பு யார் கணக்கில்?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின்னர் வெளிவந்த சேத விவரங்களில் இடிந்த வீடுகள், உடைந்த பாலங்கள், அழிந்த வயல்கள், செத்த கால்நடைகள் எல்லாம் இருந்தன. வாரக்கணக்கில் அந்தப் பட்டியல்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஒரு தரப்பு மட்டும் எங்கும் தென்படவில்லை. சொந்த ஊரை விட்டு வந்து வாடகை அறைகளில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள்தான் அந்தத் தரப்பு. மகாவலி பெருக்கெடுத்த பேராதனை, கம்பளைப் பக்கங்களிலும் வெள்ளம் கண்ட வடக்குக் கிழக்கிலும் இப்படியான அறைகள் ஏராளம். வகுப்புகள் நிறுத்தப்பட்டதும் மாணவர்கள் ஊருக்குப் போனார்கள். அறையில் விட்டுச் சென்ற பொருட்கள் என்னவாயின என்று எந்தத் திணைக்களமும் கணக்கெடுத்ததாக நான் காணவில்லை.

இது சின்ன விடயம் போலத் தோன்றலாம். உயிர்கள் போன இடத்தில் ஒரு லப்டொப்பைப் பற்றிப் பேசுவதா என்றும் கேட்கலாம். ஆனால் போரில் எல்லாவற்றையும் இழந்து, ஒரு பிள்ளையையாவது பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்த வீட்டுக்கு அந்த லப்டொப் சின்னப் பொருளல்ல.

அறைக்குள் என்ன இருக்கிறது?

இலங்கையின் பல்கலைக்கழக அனுமதி முறை பிள்ளைகளை ஊர் விட்டு ஊர் அனுப்பும் முறை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை மொறட்டுவைக்கும் பேராதனைக்கும் போகிறது. ஹற்றன் தோட்டத்துப் பிள்ளை வந்தாறுமூலைக்கு வருகிறது. மாத்தறைப் பிள்ளை கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறது. பல்கலைக்கழக விடுதிகள் எல்லோருக்கும் போதுமானவையாக இல்லை. பொதுவாக முதலாம் ஆண்டிலும் இறுதி ஆண்டிலும் இடம் கிடைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியே அறை தேட வேண்டும். திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ ஒரு வீட்டின் பின்பக்க அறை, அல்லது மேல்மாடியில் தகரக் கூரையின் கீழ் மூன்று கட்டில்.

அந்த அறையில் ஒரு மாணவருக்குச் சொந்தமாக என்ன இருக்கும்? லப்டொப், கைத்தொலைபேசி, புத்தகங்கள், உடுப்பு, றைஸ் குக்கர், மின்விசிறி, வாசலில் ஒரு சைக்கிள் அல்லது பழைய மோட்டார் சைக்கிள். நான் ஊடகக் கற்கை படித்த காலத்தில் கமராவும் லப்டொப்பும் இல்லாமல் ஓர் ஒப்படையைக்கூட முடிக்க முடியாது. இன்று கலைப்பீடத்து மாணவருக்கும் அதே நிலைதான்.

2022 நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு இந்தப் பொருட்களின் விலை ஏறியது, திரும்ப இறங்கவில்லை. இன்று ஓரளவு வேலைக்காகும் புதிய லப்டொப்புக்கு ஒன்றரை இலட்சம் ரூபாவாவது வேண்டும். 2025இல் மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் ஒரு லப்டொப்பின் விலை 20 மாத மகாபொல. ஒரு நேரச் சாப்பாட்டுக்குக்கூட அதில் தொடாமல் முழுவதையும் சேமித்தால்தான் அதுவும் சாத்தியம். நடைமுறையில் அது அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போன காசாக, அல்லது வெளிநாட்டிலிருக்கும் மாமா அனுப்பிய காசாக இருக்கும். அடகு மீளும் முன்னரே பொருள் போய்விட்டால், அந்த வீடு இல்லாத பொருளுக்கு வட்டி கட்டும். இரண்டாவது லப்டொப் வாங்க வழியில்லாத பிள்ளை ஓர் அரையாண்டைப் பின்போடும். சிலவேளை படிப்பையே விடும்.

உதவியின் அலகு வீடு

டித்வாவுக்குப் பின்னர் அரசு அறிவித்த உதவிகள் முன்னைய அனர்த்தங்களோடு ஒப்பிடும்போது பெரியவை. வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா. முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணங்கள் வாங்கத் தனியான கொடுப்பனவு. இவற்றைக் குறைத்து மதிப்பிட நான் முயலவில்லை. ஆனால் இந்த உதவிகள் எந்த அலகை வைத்துக் கணக்கிடப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். வீடு ஓர் அலகு, குடும்பம் ஓர் அலகு, பாடசாலை மாணவர் ஓர் அலகு. வாடகை அறையில் இருக்கும் பல்கலைக்கழக மாணவர் இந்த மூன்றிலும் சேர்வதில்லை.

முல்லைத்தீவிலிருந்து வந்து பேராதனைப் பக்கத்தில் தங்கியிருக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வெள்ளம் புகுந்த வீடு வீட்டுக்காரருடையது. அந்த முகவரியில் வாக்காளர் பதிவும் அவர் குடும்பத்தினுடையது. மாணவியின் பெயர் முல்லைத்தீவுக் கிராம அலுவலரின் பதிவில் இருக்கிறது. அங்கே அவளுடைய வீட்டுக்குச் சேதமில்லை. அவளது லப்டொப் நனைந்த இடத்துக் கிராம அலுவலருக்கு அவள் யாரென்று தெரியாது. இரண்டு உத்தியோகத்தரும் தமது கடமையைச் சரியாகச் செய்தாலும் அவளது இழப்பு எந்தப் படிவத்திலும் ஏறாது.

2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக அரசு ஓர் இயற்கை அனர்த்தக் காப்புறுதியை அறிமுகப்படுத்தியது. தனித்தனியாக யாரும் பணம் கட்டத் தேவையில்லை. கட்டுப்பணத்தை அரசே செலுத்தும். சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. நல்ல முன்மாதிரி. ஆனால் அதுவும் வீட்டையும் சிறு வியாபாரத்தையும் மனதில் வைத்தே வரையப்பட்டது. 2017இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2024இல் மீண்டும் வந்த சுரக்ஷா காப்புறுதி பாடசாலை மாணவருக்கானது. உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை அதிலிருந்தும் வெளியேறிவிடுகிறது.

காப்புறுதி ஏன் இவர்களிடம் வரவில்லை?

வீட்டுக்காரர் காப்புறுதி எடுத்திருக்கிறாரே, அது போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. வீட்டுக்காரரின் ஒப்பந்தம் அவருடைய கட்டடத்தையும் அவருடைய பொருட்களையும் காக்கும். வாடகைக்கு இருப்பவரின் பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதேவேளை, தன் பொருளைக் காப்புறுதி செய்ய மாணவர் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருக்கவேண்டியதில்லை. பொருள் தன்னுடையது, அது போனால் நட்டம் தனக்கு என்றால் அதுவே காப்புறுதி செய்வதற்கான உரிமை.

அமெரிக்காவில் வாடகையாளர் காப்புறுதி சாதாரணமாக விற்கப்படும் ஒன்று. பொருட்களுக்கான காப்போடு, வாடகையாளரின் கவனக்குறைவால் பிறருக்கு ஏற்படும் சேதத்தையும், அறை இருக்க முடியாததாகிவிட்டால் வேறிடத்தில் தங்கும் செலவையும் அது ஏற்கும். பல்கலைக்கழக விடுதியில் தங்கியுள்ள பிள்ளையின் பொருட்களைப் பெற்றோரின் வீட்டுக் காப்புறுதியே ஓர் எல்லை வரை காப்பதும் அங்கு வழமை. பிரித்தானியாவில் பல மாணவர் விடுதிகள் அங்கு தங்குவோர் அனைவருக்கும் சேர்த்து ஒரே கூட்டு ஒப்பந்தம் எடுக்கின்றன. அந்தச் செலவு வாடகைக்குள் அடங்கிவிடும்.

இங்கே வீட்டுக் காப்புறுதி என்று விற்கப்படுவது பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரை நோக்கியது. ஓர் அறையின் ஒரு கட்டிலுக்கு உரிய சிறு தொகைக்காக முகவர் ஒருவர் ஏறி இறங்கமாட்டார். அவருக்குக் கிடைக்கும் தரகு பெற்றோல் செலவுக்கும் போதாது. அதோடு ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

இன்னொரு தடை எழுத்து. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். மாணவர் அறைகளுக்கு யார் நொத்தாரிசிடம் போகிறார்கள்? முற்பணத்தைக் கையில் கொடுத்துச் சாவியை வாங்குவதோடு எல்லாம் முடிகிறது. பற்றுச்சீட்டும் கிடையாது. நாளை ஏதாவது நடந்தால், அந்த அறையில் குடியிருந்ததைக் காட்டவே ஒரு துண்டுக் காகிதம் இல்லை. றைஸ் குக்கர் வயர் எரிந்து சுவர் கருகினால் மட்டும் வீட்டுக்காரருக்கு அவர் வாடகைக்காரர் என்பது நன்றாக நினைவிருக்கும். கவனக்குறைவு என்று நிரூபிக்கப்பட்டால் அந்த நட்டத்துக்கு மாணவர் பொறுப்பு.

சின்ன எழுத்தில் உள்ளவை

நாளைக்கே ஒரு நிறுவனம் மாணவர் காப்புறுதி என்று ஒன்றைக் கொண்டுவரலாம். அதை வாங்க முன்னர் வாசிக்க வேண்டிய நிபந்தனைகள் சில உள்ளன. காப்புறுதி ஒப்பந்தங்களில் பொதுவாகக் காணப்படும் இந்த நிபந்தனைகள் மாணவர் வாழ்க்கைக்கு நேரெதிராக இருப்பதுதான் சிக்கல்.

முதலாவது, களவு. பூட்டை உடைத்தோ பலாத்காரமாகவோ உள்ளே புகுந்தால்தான் அது களவு என்று பல ஒப்பந்தங்கள் சொல்லும். நாங்கள் நான்கு பேர் இருந்த அறையில் ஒரு பூட்டுக்கு நான்கு சாவி. யாரோ ஒருவர் குளிக்கப் போகும்போது கதவு திறந்தே கிடக்கும். அப்படியான அறையில் போகும் பொருளுக்கு உடைந்த பூட்டைக் காட்ட முடியாது. கூட இருப்பவர் எடுத்தால் அதற்கும் காப்பு இராது.

இரண்டாவது, ஆளில்லாத நாட்கள். வீடு தொடர்ந்து 30 நாட்கள் போல வெறுமையாகக் கிடந்தால் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை பரவலானது. பல்கலைக்கழக விடுமுறையும் பகிஷ்கரிப்பும் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தமும் சேர்ந்தால் எங்கள் அறைகள் எத்தனை நாட்கள் பூட்டிக் கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது, பெறுமதி. பொருளின் முழுப் பெறுமதிக்கும் காப்புறுதி செய்யாவிட்டால், பாதி சேதத்துக்கும் அதே விகிதத்தில் குறைத்துத்தான் தருவார்கள். பழைய பொருளுக்குத் தேய்மானத்தைக் கழிப்பார்கள். மூன்று வருடம் பாவித்த லப்டொப்புக்குக் கிடைக்கும் காசில் புதியதன் பெட்டியைத்தான் வாங்கலாம். புதிய பொருளின் விலையைத் தருவார்களா என்பது முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

நான்காவது எங்களுக்கு நன்கு பழக்கமானது. யுத்தம், படையெடுப்பு, உள்நாட்டுப் போர் ஆகியவற்றால் ஏற்படும் இழப்பு ஏற்கப்படாது என்று சாதாரண ஒப்பந்தங்கள் எழுதிவைக்கும். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கு மேலதிகப் பணம் கட்டித் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும். அதற்கான நிதியம் எண்பதுகளின் பிற்பகுதியில் அரசால் அமைக்கப்பட்டு இன்றும் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இயங்குகிறது. கடை வைத்திருப்போருக்கு அதைப் பற்றித் தெரியும். வாடகை அறைப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை.

ஆதாரம் எங்கே?

எங்கள் சமூகத்துக்குக் காப்புறுதி மீது நம்பிக்கை வராததற்குக் காரணம் வெறும் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. 1983இல் எரிந்த வீடுகளுக்கும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நடந்த இரவில் கைவிட்ட வீடுகளுக்கும், 2009இல் வன்னியில் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டு வந்த பொருட்களுக்கும் யாரும் பட்டியல் வைத்திருக்கவில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த புனர்வாழ்வு அதிகாரசபையிடமும், 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகத்திடமும் போனவர்களுக்கு உறுதி, பொலிஸ் அறிக்கை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் என்று ஆதாரம் தேடி அலைவது எப்படியென்று தெரியும். பொருளோடு சேர்ந்து அதற்கான ஆதாரமும் போய்விடுவதுதான் எங்கள் இழப்புகளின் இயல்பு. காப்புறுதி நிறுவனமும் அதே கேள்வியைத்தான் கேட்கும்: பற்றுச்சீட்டு எங்கே?

பெயரைப் பதிவதிலும் ஒரு பயம் இருக்கிறது. போர்க்காலத்தில் கொழும்பில் அறை எடுத்த தமிழர் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் அதிகமான தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. வாடகைக்காரர் பட்டியல் என்ற சொல் அந்தத் தலைமுறையின் காதில் வேறு விதமாகவே விழும். தெற்கில் படிக்கப் போகும் மகளிடம், எங்கேயும் தேவையில்லாமல் பெயர் கொடுக்காதே என்று சொல்லி அனுப்பும் தாயை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெயர் இல்லாத இடத்தில் உரித்தும் இருக்காது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் அந்த மகள் படிக்கிறாள்.

கூட்டாகச் செய்தால்

தனித்தனியாக விற்க முடியாத காப்புறுதியைக் கூட்டாக வாங்கலாம். எங்கள் ஊர்களில் மரண சகாய சங்கங்கள் செய்வது இதைத்தான். ஒவ்வொரு வீடும் சிறு தொகை கட்டுகிறது. சாவு விழுந்த வீட்டுக்கு எல்லோருடைய பணமும் போகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்கான கணக்கு மட்டும். எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. 1,000 மாணவர்கள் ஆண்டுக்குத் தலா 3,000 ரூபா கட்டினால் 30 இலட்சம் ரூபா சேரும். ஒரு லப்டொப் ஒன்றரை இலட்சம் என்றால் 20 லப்டொப்புக்குக் காணும். களவு அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பது. ஆண்டுக்கு 20 பேருக்குக் குறைவாகவே பறிகொடுத்தால் மாணவர் ஒன்றியமே இந்த நிதியை நடத்திவிடலாம். வெள்ளம் அப்படியல்ல. ஒரே இரவில் 200 அறைகளுக்குள் தண்ணீர் வந்தால் மூன்று கோடி ரூபா தேவை. சங்கத்தின் பெட்டி முதல் நாளே காலியாகிவிடும். ஒரே இடத்தில், ஒரே நாளில் எல்லோருக்கும் வரும் ஆபத்தை அந்த இடத்துக்குள்ளேயே பங்கிட முடியாது. நாடு முழுவதும் பரந்த நிதியம் ஒன்றும் அதற்குப் பின்னால் மீள்காப்புறுதியும் வேண்டும்.

ஆகவே இதைச் செய்யவேண்டிய இடம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. எல்லா அரச பல்கலைக்கழக மாணவருக்கும் சேர்த்து ஒரே கூட்டு ஒப்பந்தம், அல்லது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் அனர்த்தத் திட்டத்தில் மாணவர் என்ற புதிய அலகு. மகாபொலவும் உதவுதொகையும் பெறும் மாணவருக்கான கட்டுப்பணத்தை அரசு ஏற்க வேண்டும். மற்றவர்கள் வருடப் பதிவின்போது சிறு தொகை கட்டலாம். மாணவர் அடையாள அட்டையே அடையாளத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். அறை ஒப்பந்தம் கேட்கக் கூடாது. பூட்டு உடைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 30 நாள் நிபந்தனையும் நீக்கப்பட வேண்டும். ஒப்பந்தம் தமிழிலும் சிங்களத்திலும் கையில் கொடுக்கப்பட வேண்டும். மாணவரின் வெளி முகவரிப் பட்டியல் பல்கலைக்கழகத்தைத் தாண்டி எந்தப் பாதுகாப்புத் தரப்புக்கும் போகாது என்று எழுத்தில் உறுதி தரப்பட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் வடக்குக் கிழக்குப் பிள்ளைகளில் பலர் இதில் சேரமாட்டார்கள்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. விடுதி கட்டித் தரவேண்டிய அரசு, தன் கடமையைக் காப்புறுதி நிறுவனத்தின் தலையில் போட்டுத் தப்பிக்கொள்ள இது வழி செய்துவிடாதா? அந்த ஆபத்து உண்மையானது. காப்புறுதி விடுதிக்கு ஈடாகாது. விடுதிக்கான கோரிக்கை ஓர் அங்குலமும் தளரக் கூடாது. ஆனால் விடுதி கட்டி முடியும்வரை நடுவாண்டு மாணவர்கள் வெளியேதான் இருக்கப்போகிறார்கள். மழையும் அதுவரை பொறுக்கப்போவதில்லை. 2008இல் நிஷா, 2020இல் புரெவி, 2024 நவம்பர் வெள்ளம், 2025இல் டித்வா என்று இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது.

கொள்கை வரும்வரை

அரசு செய்யும்வரை காத்திருக்காமல் மாணவர் செய்யக்கூடியவை சில உள்ளன. காசு செலவில்லாதவை. லப்டொப்பின் தொடரிலக்கத்தையும் தொலைபேசியின் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தையும் எழுதி ஊரிலுள்ள வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். பற்றுச்சீட்டைப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். அறையையும் பொருட்களையும் ஒரு நிமிடக் காணொளியாக எடுத்து வையுங்கள். வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால், அந்தப் பதிவே நீங்கள் அங்கே இருந்ததற்குச் சாட்சி. களவு போனால் சின்னப் பொருள்தானே என்று விடாமல் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் செய்வது சலுகையல்ல, உரிமை. ஏற்கெனவே எடுத்த காப்புறுதியில் நிறுவனம் நியாயமற்ற முறையில் மறுத்தால், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் முறையிடலாம்.

மாணவர் ஒன்றியங்களுக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. டித்வாவில் வாடகை அறை மாணவர் இழந்தவற்றை அவர்களே இப்போது கணக்கெடுக்கலாம். பெயர் வேண்டாம். பீடம், அறை இருந்த பிரதேச செயலகப் பிரிவு, போன பொருள், அதன் விலை ஆகியவை போதும். அந்த எண்ணிக்கை கையில் இல்லாமல் ஆணைக்குழுவின் மேசைக்கு முன் போனால் அனுதாபம் மட்டும் கிடைக்கும். எண்ணிக்கையோடு போனால் கட்டுப்பணம் எவ்வளவு என்று பேசத் தொடங்கலாம். அடுத்த மழைக்காலம் ஒக்டோபரில் தொடங்கிவிடும். கணக்கெடுப்பு அதற்கு முன்னர் முடிந்திருக்க வேண்டும்.